வெளித் தண்ணி பூட்டுற நாள்

உந்தச் சின்னத் திருகாணியிலை கை வையாதையும். விடும். குறட்டைக் கீழை வையும்.

கோவம் ஒண்டும் இல்லை. என்ரை குரல் அப்பிடி. வாளி வைக்காமல் அதைத் திறந்தால் குழாய்க்கை நிக்கிற தண்ணி முழுக்க உம்மடை காலிலை. பிறகு ஆர் துடைக்கிறது, அவதான்.

நான் ஆரோ? அவ சொல்லேல்லையே? பரராசசிங்கம். கமலாம்பிகையின்ரை மனுசன். ஓம், உயிரோடைதான் இருக்கிறன். அவ இருக்கிறது இஞ்சை, ஹூசும் கடற்கரையிலை. நான் இருக்கிறது ஐந்நூறு கிலோமீற்றர் தள்ளி, எசனிலை. கன வருஷமாய் அப்பிடித்தான். சண்டையும் இல்லை, கோடு கச்சேரி எண்டு போனதும் இல்லை. ஒக்டோபர் கடைசியிலை ஒருநாள் வருவன். குளிருக்கு முதல் வெளித் தண்ணியைப் பூட்டி, குழாயைக் காயவிட்டு, சாப்பிட்டிட்டுப் போவன். இது என்ரை வேலை.

நீர் ஆரெண்டு எனக்குத் தெரியும். இராயப்பு. நான் கார்க் கதவைச் சாத்தேக்கையே கேட்டது, அவ குசினிக்கை நிண்டு கூப்பிட்டது. இராயப்பு, கூழுக்குப் புளி காணுமோ எண்டு ஒருக்காப் பாருங்கோ எண்டு. முழுப் பேரும் சொல்லி. கலியாணம் கட்டி நாப்பது வருஷத்துக்கு மேலை, என்ரை பேர் அவவின்ரை வாயிலை வந்ததில்லை. இஞ்சாருங்கோ, அவ்வளவுதான். விசாக் குடுக்கிற வெளிநாட்டார் கந்தோரிலை புருஷன்ரை பேர் என்ன எண்டு கேட்டாலும் பேப்பரைத்தான் எடுத்துக் காட்டுவா. அது எங்கடை ஆக்களின்ரை மரியாதை. எனக்கு அதிலை குறையில்லை. உம்மடை பேர் அவவுக்கு லேசாய் வருது, அதைத்தான் சொல்றன்.

புளி காணுமோ?

காணாது எண்டு சொன்னனீரோ. ம். அவவின்ரை கூழுக்குப் புளி காணாது எண்டு நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லலாம் எண்டும் தெரியாது.

கூழுக்குப் போடுற ஒடியல் மா நான் கொண்டந்திருக்கிறன். எசன் தமிழ்க் கடையிலை. வருஷா வருஷம் நான்தான் கொண்டாறது. நீரும் கொண்டு வந்தனீரோ. எந்தக் கடை? ம். அது பழசு. வாசம் இராது.

என்னது? நான் வரும்வரைக்கும் ஒண்டிலையும் கை வைக்கவேண்டாம் எண்டு சொன்னவவோ? அப்ப ஏன் வைச்சனீர். சும்மா பாத்தனீர். குறட்டோடை சும்மா பாத்தனீர். சரி. வேறை என்ன சொன்னவ? சொல்லும். நான் கடிக்கமாட்டன்.

அவரிட்டைப் பாத்துப் பழகுங்கோ எண்டோ.

பழகுங்கோ எண்டால், அடுத்த வருஷம் நீர் செய்யப்போறீர்.

ஓ.

அப்ப நான் வரத் தேவையில்லை. அதை அவ என்னட்டைச் சொல்லேல்லை, உம்மட்டைச் சொல்லியிருக்கிறா. இராயப்பு, வருஷத்திலை எனக்கு இந்த ஒரு நாள்தான். மற்ற நாளிலை இஞ்சை வாறதுக்கு என்னட்டைக் காரணம் ஒண்டும் இல்லை. விளங்குதே? விளங்காது. நீர் நினைச்ச நேரம் வாறீர்.

வாளியைக் கொண்டாரும். உதில்லை, நீலம்.

பாரும். ஒருக்காத்தான் காட்டுவன். இது சுவருக்கு வெளியாலை போற குழாய். இந்த வென்டிலை, தண்ணியை மறிக்கிற வால்வை, இப்பிடி வலப்பக்கம் திருப்பிப் பூட்டுறது. இறுக்கிறன் எண்டு முறிக்கப்படாது, பஸ் பிரேக் இல்லை இது. பூட்டினாப் பிறகு வெளியிலை போய்ப் பைப்பைத் திறந்துவிடவேணும். காத்து உள்ளிட்டால்தான் தண்ணி இறங்கும். அது நான் வரேக்கையே திறந்திட்டன், இப்ப பூட்டின உடனை வெளியிலை ஓட்டம் நிண்டது கேட்டீரே. இப்பதான் திருகாணி. மெல்ல. விழுதோ? விடும், ஓடட்டும்.

நீர் பஸ் ஓட்டினவர் எண்டு கேள்வி. பீலெஃபெல்ட்டிலை. மனுசி தவறிப்போக, பென்சன் எடுத்துக்கொண்டு இஞ்சாலை வந்தனீராம். மகள் சொன்னவள். வேணுஜா, மியூனிக்கிலை இருக்கிறவள். அம்மாவை ஒரு அங்கிள் கடைக்குக் கூட்டிக்கொண்டு போறார் அப்பா, நல்ல உதவி எண்டாள். நல்லம் எண்டு சொல்லிப் போனை வைச்சன். அண்டைக்கு அடுப்பிலை வைச்ச சோறு அடிப்பிடிச்சுப் போச்சு.

அவ எப்பிடி இஞ்சை வந்தவ எண்டோ? உமக்குச் சொல்லியிருப்பா. சொல்லேல்லையே? ஏதோ ஒண்டாவது சொல்லாமல் இருக்கிறா, சந்தோஷம். வீடு ஒரு வெள்ளைக்காரரின்ரை. கோடையிலை மேல் அறையளைக் கடலுக்கு வாறவைக்கு வாடகைக்கு விடுறவர். கீழ் வீட்டிலை இருந்துகொண்டு வீட்டைப் பாக்க ஒரு ஆள் தேடினவர். வேணுஜாவின்ரை கலியாணம் முடிஞ்ச கையோடை இவ வந்தா. ஒரு கோடைக்கு எண்டுதான் வந்தவ. கோடை முடிய நான் போன் எடுத்து, எப்ப வாறீர் எண்டு கேட்டன். நாளுக்கு மூண்டு வார்த்தை கதைக்கிற மனுசனோடை இவ்வளவு காலம் இருந்து பாத்திட்டன், கொஞ்ச நாள் இப்பிடியும் இருந்து பாக்கிறன் எண்டா.

நான் என்ன சொன்னனோ? சரி எண்டு சொன்னன்.

அந்தக் கார்த்திகையிலை அவவே போன் எடுத்தா. வெளிக் குழாய் உறையுமாம், என்ன செய்யவேணும் எண்டு கேட்டா. நான் இரும்பு உருக்கிற இடத்திலை வேலை செய்தனான். குழாய் வேலை எனக்குத் தண்ணி பட்ட பாடு. போனிலை சொல்லியிருக்கலாம். வாறன் எண்டன். அப்பிடித் துவங்கினதுதான் இது.

சிரிக்காதையும்.

இனி இதைப் பாரும். சுவருக்குக் கிட்ட இந்தத் துண்டு மட்டும் மினுங்குது, கண்டீரே. மற்றதெல்லாம் பழசு, பச்சை பிடிச்சது. இது புதுச் செம்பு. ஓம், தை மாசம் வெடிச்சது. நல்லாய்த்தான் ஒட்டியிருக்கிறாங்கள், அதிலை பிழை இல்லை.

எப்பிடி வெடிச்சதெண்டு நான் போனிலை கேட்டன். எங்கடை ஊர் மகாதேவி அக்காவின்ரை செத்தவீட்டுக்குப் போட்டு வந்து வெளிப் பைப்பைத் திறந்து கால் கழுவினனான், பேந்து தண்ணியை இறக்க மறந்துபோனன் எண்டா. சரி எண்டன். போனை வைச்சிட்டுக் கதிரையிலை இருந்து யோசிச்சன். எனக்கு மெல்லத்தான் ஓடும். ஆனால் ஓடினால் நிக்காது.

நீர் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர், உமக்கு இது அவ்வளவு தெரியாது. கேளும். செத்தவீட்டாலை வந்தால், கால் முகம் கழுவித் தலையிலை ஒரு துளி தண்ணி தெளிக்காமல் அவ வாசல் தாண்டமாட்டா. எசனிலை நாங்கள் நாலாம் மாடி. கீழை தண்ணி இல்லை. அவ வெளியிலை நிப்பா, குளிரெண்டாலும் மழையெண்டாலும். நான் மேலை ஏறிப்போய் வாளியிலை தண்ணி கொண்டந்து குடுக்கவேணும். பக்கத்து வீட்டுச் சனம் யன்னலாலை பாக்கும். நடு றோட்டிலை ஒரு பொம்பிளை சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா, ஒரு ஆம்பிளை காலிலை தண்ணி ஊத்திறான். நான் கழுவாமல் ஏறினனே எண்டு கேட்டால், அது உங்கடை பாடு எண்டுவா.

அது இருக்கட்டும். வெளிப் பைப்பிலை கழுவினன் எண்டா. வெளிப் பைப்புக்குத் தண்ணி விடுற வென்டில் எங்கை இருக்கு? இந்தா, இஞ்சை. வீட்டுக்கை. ஒக்டோபரிலை என்ரை கையாலை பூட்டின வென்டில். கழுவாமல் வீட்டுக்கை வராத மனுசி, வீட்டுக்கை இருக்கிற வென்டிலை எப்பிடித் திறந்தவ?

சொல்லும்.

ஓம், நீர்தான். தெரியும். உம்மடை வாயாலை வரட்டும் எண்டுதான் கேட்டன்.

அந்தச் செத்தவீட்டிலை நானும் நிண்டனான். பீலெஃபெல்ட்டிலைதானே எரிச்சது. அவவைக் கண்டன், கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிண்டவ. நான் கொண்டுபோய் விடவோ எண்டு கேட்டன். ரெயினிலை வந்தனான், ரெயினிலையே போறன், உங்களுக்கு ஏன் கரைச்சல் எண்டா. நான் கார்த் திறப்பைப் பொக்கற்றுக்கை வைச்சிட்டு எசனுக்குத் திரும்பினன். ரெயினிலை போன ஆளுக்கு வென்டில் திறக்க நீர் எங்காலை வந்தனீர்?

ரெயின் ஓடேல்லையோ.

காத்துக்கு மரம் விழுந்து. ம். ஹம்பேர்க்கிலை நிண்டு போன் எடுத்தவவோ. உமக்கு. எனக்கில்லை.

ஓம், எசன் தூரம், நீர் கிட்ட. நியாயம்தான். நியாயமாய் இருந்தால் வயிறு எரியாதோ.

திறப்பை உம்மட்டைத் தந்து உள்ளுக்கை போகச் சொன்னவ. நீர் போய் வென்டிலைத் திறந்தனீர். அவ வெளியிலை நிண்டு கழுவினவ. ஒரு வாளியிலை கொண்டுபோய்க் குடுத்திருக்கலாமே? கேட்டனீரோ. அவதான் ஓடுற தண்ணி வேணும் எண்டவவோ. எசனிலை வாளித் தண்ணி காணும், இஞ்சை ஓடுற தண்ணி. சரி. பிறகு வென்டிலைப் பூட்டினனீர். அது சரி. இந்தத் திருகாணியைத் திறக்கவேணும் எண்டு உமக்கு ஆர் சொன்னது, ஒருத்தரும் சொல்லேல்லை. குழாய்க்கை தண்ணி நிண்டது, உறைஞ்சது, வெடிச்சது. தான் மறந்தது எண்டு சொல்லி உம்மைக் காப்பாத்தியிருக்கிறா. உம்மடை பேரைச் சொல்லேல்லை.

அதுதான் எனக்குக் கூடுதலாய் எரியுது. அவ சொல்லாத பேர் முந்தி ஒண்டுதான் இருந்தது.

பேந்து என்ன, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனனீரோ? றோட்டு உறைஞ்சிருக்குமே. மேல் அறையிலை தங்கினனீர். மேலைதானே. வேண்டாம், விளக்கம் சொல்லாதையும். மேலை எண்டால் மேலை. அவவை எனக்குத் தெரியும். உம்மைத்தான் தெரியாது.

வாரும் வெளியிலை. தொப்பியைப் போடும், காத்து. அந்தா, கடல் அணையிலை நிக்கிற செம்மறியளுக்குக் குளிர் இல்லை, எங்களுக்குத்தான்.

உந்தத் தண்ணி பிடிக்கிற பீப்பாவைக் கவிட்டு விடும். பூக்கண்டுக்குத் தண்ணி விடுற ரப்பர் ஓசைச் சுத்தி உள்ளுக்கை கொண்டுபோம். அதுகள் ஆரும் செய்யலாம். இது பாரும், கடலிலை குளிச்சிட்டு வாறவை மண் கழுவுற ஷவர். தலையைக் கழட்டவேணும். உப்புக் காத்துக்கு இறுகிப்போய் இருக்கும், அதுக்கு முதல்நாள் கறிக்கு விடுற வினாகிரியிலை நனைச்ச துணி சுத்தி வைக்கவேணும். சுத்தியிருக்கிறா. பாத்தீரே, நேற்றே சுத்தியிருக்கிறா. மேலாலை ஒரு பிளாஸ்ரிக் பையும் கட்டி. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே.

திருப்பும். உம்மடை கை பரவாயில்லை.

இப்ப சொல்றதைக் கேளும். இந்த ஷவருக்கு வாற குழாய் இந்த மரத்தளத்துக்குக் கீழாலை வருது. நடுவிலை தொய்ஞ்சு கிடக்கு. உள்ளுக்கை திருகாணியைத் திறந்தாலும் அந்தத் தொய்வுக்கை தண்ணி நிக்கும். அதை இஞ்சாலை இருந்து ஊதித் தள்ளவேணும். வீட்டுக்காரருக்கும் இது தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

உமக்குச் சொல்லாமல் விடுவம் எண்டு நினைச்சன். ஓம், உள்ளுக்கை அந்தப் புதுத் துண்டைக் காட்டேக்கை அதைத்தான் நினைச்சுக்கொண்டு நிண்டன். சொல்லாமல் விட்டால் அடுத்த தையிலை வெடிக்கும். நீர் முழிப்பீர். அவ எனக்குப் போன் எடுப்பா. நல்ல யோசனைதான். ஆனால் வெடிச்சால் குனிஞ்சு நிண்டு துடைக்கிறது அவ. முழங்கால் நோ அவவுக்கு. அதாலை சொல்றன். உமக்காக இல்லை.

பைப்பைப் பூட்டும், இல்லாட்டி ஊதுற காத்து அதாலை போயிடும். ஷவர்த் தலை கழட்டின வாயிலை இந்த ரியூப்பை மாட்டும். வாயாலை ஊதும்.

என்ன, காரிலை மெசின் இருக்கோ. ரயருக்குக் காத்தடிக்கிறது. இருக்கும், உம்மட்டை எல்லாம் இருக்கும். வேண்டாம். மெசின் சத்தத்திலை அவவின்ரை குரல் கேக்காது.

அவ உள்ளுக்கை வாளிக்குப் பக்கத்திலை இருப்பா. நான் இஞ்சை ஊதுவன். வருது எண்டுவா. இன்னும் வருது எண்டுவா. இப்ப காத்துத்தான் வருது, காணும் எண்டுவா. அந்த யன்னலாலை. வருஷத்திலை நாங்கள் இரண்டு பேரும் கதைக்கிற நீளமான கதை அது.

அந்தா, யன்னலைத் திறந்திட்டா. ஊதும்.

உது ஊதுறதோ. வயித்தாலை ஊதும். நிப்பாட்டாமல். ம்.

கேட்டீரே? இஞ்சாருங்கோ, வருது எண்டா. உம்மடை பேர் சொல்லேல்லை. ஊதுறது நீர், சொல்றது எனக்கு. ஓம் ஓம், கேக்குது, சொல்லும். இராயப்பு, நீர் ஊதும், நான் அவவோடை கதைக்கிறன்.

இன்னும் வருதாம்.

காணுமாம். நிப்பாட்டும். இரும், உந்தக் கதிரையிலை இரும். முகம் சிவந்துபோச்சு.

என்னது? ஊதுறது நீர் எண்டு அவவுக்குத் தெரியுமோ. அவதான் சொன்னவவோ, அவரை ஊத விடாதேங்கோ எண்டு. ஏன்?

போன வருஷம் எனக்குத் தலை சுத்தினது. ஓம். இதிலைதான் இருந்தன், இந்தக் கதிரையிலை. கொஞ்ச நேரம்தான். அவ உள்ளுக்கை இருந்தவ, காணேல்லை எண்டு நினைச்சன். ஒண்டும் கேக்கேல்லையே. கூழை ஊத்தித் தந்தா, குடிச்சிட்டுப் போனன். கண்டவவோ. யன்னலாலை. நான் எழும்பிற வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டவவோ.

அதுக்குத்தானோ உம்மைக் கூப்பிட்டது.

அப்ப என்ரை மூச்சைப் பற்றி உம்மோடை கதைச்சிருக்கிறா. எனக்குத் தலை சுத்தினதை உம்மோடை இருந்து கதைச்சிருக்கிறா, என்னோடை கதைக்கேல்லை. இது அந்த ரெயின் கதையிலும் மோசம். சிரியும், நீர் சிரிக்கலாம். உம்மடை மூச்சைப் பற்றி ஒருத்தரும் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை எண்டோ. மனுசி போனாப் பிறகு. ம். அதுவும் சரிதான். நான் அதை நினைக்கேல்லை.

பைப்பைத் திரும்பத் திறந்துவிடும். குளிர் முடியும்வரைக்கும் திறந்தபடி கிடக்கட்டும். அவ்வளவுதான். பழகியிட்டீர்.

வேலை இல்லாட்டிலும் அவர் வரட்டும் எண்டு ஏதும் சொன்னவவோ? இல்லை. சரி. சும்மா கேட்டன்.

கூப்பிடுறா, கூழ் ஆறுதாம். நீர் கையைக் கழுவும்.

எது, என்ரை காரோ? ஓம், நிரம்பித்தான் கிடக்கு. கூரையிலை இருக்கிறது மெத்தை. பின்னாலை கதிரை ஒண்டு, ரைஸ் குக்கர், உடுப்பு, சாமிப் படங்கள். எசன் வாடகை வீட்டைத் திருப்பிக் குடுத்திட்டன். வெள்ளிக்கிழமை திறப்பைக் குடுத்தது. இல்லை, மியூனிக்குக்கு இல்லை. வேணுஜாவுக்குத் தெரியாது. இவவுக்கும் தெரியாது. தண்ணியைப் பூட்டி முடிச்சிட்டு, சாப்பிடேக்கை கேப்பம் எண்டு வந்தனான், கீழ் வீட்டிலை இன்னுமொரு ஆளுக்கு இடம் இருக்கோ எண்டு. வழி முழுக்கச் சொல்லிப் பாத்தன். ஹம்பேர்க் றோட்டுச் சுரங்கத்துக்கை நெரிசலிலை நிக்கேக்கை வசனம் வடிவாய் வந்தது. இஞ்சை வந்து இறங்கினால் நீர் குறட்டோடை நிக்கிறீர்.

இல்லை எண்டு சொன்னால் என்ன செய்வனோ? தெரியாது. அதை யோசிக்கேல்லை.

நீர் முதல் போய்ச் சாப்பிடும். நான் பிறகு... இல்லை, நில்லும். நீரும் கூட வாரும். பிறத்தி ஆள் ஒருத்தர் மேசையிலை இருந்தால் அவ உடனை இல்லை எண்டு சொல்லமாட்டா. எனக்குப் பக்கத்திலை இரும்.